மக்களாட்சியின் நாடி: கூடிப் படிக்க ஓர் அறிக்கை

பெட்டாலிங் ஜெயாவில் குடியிருக்கும் ஒருவர் 2022 நவம்பரில் நாடாளுமன்றத்திற்கு வாக்களித்தார். 2023 ஆகஸ்டில் சிலாங்கூர் சட்டமன்றத்திற்கும் வரிசையில் நின்று வாக்களித்தார். ஆனால் அவர் வீட்டு வாசல் கால்வாயைப் பராமரிப்பது, பக்கத்து மனையில் இருபது மாடிக் கட்டடம் எழலாமா கூடாதா என்று முடிவு செய்வது, இரவுச் சந்தையில் கடை போட உரிமம் தருவது, ஆண்டுக்கு இருமுறை வீட்டு வரி வசூலிப்பது ஆகிய வேலைகளைச் செய்யும் மாநகர் மன்றத்திற்கு அவர் ஒருநாளும் வாக்களித்ததில்லை. அவருடைய தந்தையும் வாக்களித்திருக்க மாட்டார். தாத்தா ஜோர்ஜ்டவுனிலோ ஈப்போவிலோ குடியிருந்தவர் என்றால், அவர் மட்டும் ஒருவேளை வாக்களித்திருக்கலாம்.

நாட்டில் மக்களாட்சி நலமாக இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலோர் புத்ராஜெயாவைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். யார் பிரதமர், எந்தக் கட்சி எந்தக் கட்சியோடு சேர்ந்தது, யார் தாவினார் என்பதே பேச்சாக இருக்கும். உலக அளவில் வெளியாகும் மக்களாட்சிக் குறியீடுகளும் அப்படித்தான். லண்டனைச் சேர்ந்த ஓர் ஆய்வுப் பிரிவு 2006 முதல் வெளியிட்டு வரும் பட்டியலில் மலேசியா 'குறையுள்ள மக்களாட்சி' என்ற வகுப்பில் இடம்பெற்று வருகிறது. நோயாளியின் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று அந்தப் பட்டியல் சொல்லும். நோய் எந்த உறுப்பில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள ஊர்க்காரர்கள்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

படிப்பது என்றால் தனியாக அல்ல, கூடிப் படிப்பது. தமிழர்களுக்கு இது புதிதும் அல்ல. தோட்டப்புறங்களில் தமிழ் நாளிதழ் ஒன்று வந்து சேர்ந்தால் எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்', 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகியவை அச்சான பிரதிகளின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு மக்களைச் சென்றடைந்தது இப்படித்தான். ஒருவர் படித்து முடித்ததும் கேள்வி வரும், சண்டை வரும், சில நேரம் சம்பளத்தைப் பற்றி மேலாளரிடம் போய்க் கேட்கும் துணிவும் வரும். 'தமிழ் நேசன்' 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது. உரக்கப் படிக்கும் வழக்கம் அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது. இன்று ஒவ்வொருவரும் தம் கைப்பேசியில் தனித்தனியே படிக்கிறார்கள். கோபமும் தனித்தனியாகவே வந்து தனித்தனியாகவே அடங்கிவிடுகிறது.

பெட்டாலிங் ஜெயாவில் குடியிருப்பாளர் சங்கங்களுக்குக் குறைவில்லை. கோயில் மண்டபங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் உண்டு. பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை ஒரு நூலைப் படிப்பது நடக்க முடியாத காரியம் அல்ல. எந்த நூலை என்பதுதான் கேள்வி. மக்களாட்சிகள் எப்படிச் சாகின்றன என்று விளக்கும் அமெரிக்கப் பேராசிரியர்களின் நூல்கள் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. அவை நல்ல நூல்கள்தான். ஆயினும் வாஷிங்டனைப் பற்றி அறிந்துகொள்வதற்கு முன்னால் நம் வாசலைப் பற்றி எழுதப்பட்ட ஒன்றைப் படிப்பது நல்லது. அப்படி ஒன்று இருக்கிறது. அதன் தலைவராக இருந்தவர் ஒரு தமிழர். அவர் பெயரில் பெட்டாலிங் ஜெயாவின் எல்லையை ஒட்டிய தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் சாலைகளே உண்டு. ஜாலான் ஆதி நாகப்பன் வழியாகத் தினமும் கார் ஓட்டிச் செல்பவர்களில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும்?

வாக்குரிமை இருந்த காலம்

மலாயாவில் மக்கள் முதன்முதலாக வாக்குச் சீட்டைக் கையில் வாங்கியது நாடாளுமன்றத்திற்காக அல்ல, நகராண்மைக் கழகத்திற்காக. 1951 டிசம்பரில் ஜோர்ஜ்டவுனில் அந்தத் தேர்தல் நடந்தது. அடுத்து 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர். அங்கே 12 இடங்களுக்கு நடந்த போட்டியில் அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் உள்ளூர் அளவில் கைகோத்து 9 இடங்களை வென்றன. நாட்டைப் பல பத்தாண்டுகள் ஆண்ட கூட்டணி பிறந்தது இந்த நகராண்மைத் தேர்தலில்தான். அதாவது, தேசிய அரசியல் ஊராட்சி அரசியலின் பிள்ளை. பிள்ளை வளர்ந்ததும் தாயை வீட்டைவிட்டு அனுப்பியது பிறகு நடந்த கதை.

1957 ஜனவரி முதல் நாள் ஜோர்ஜ்டவுன் மாநகர் ஆனது. அதன் முதல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன். தமிழர் அதிகம் இல்லாத ஒரு மாநகரில், சுதந்திரத்திற்குச் சில மாதங்கள் முன்பே, தமிழர் ஒருவர் மேயர் நாற்காலியில் அமர்ந்தார். அவர் பெயரிலும் பினாங்கில் ஒரு சாலை இருக்கிறது. ஈப்போவில் டி.ஆர். சீனிவாசகம், எஸ்.பி. சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி 1950களின் இறுதியில் நகராண்மைக் கழகத்தைக் கைப்பற்றியது. ஈப்போவின் டி.ஆர். பூங்கா யார் நினைவாக என்று இன்றைய இளைஞரைக் கேட்டால் பதில் வருவது கடினம். அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமங்களிலும் சிற்றூர் மன்றங்கள் தேர்தல் வழியே இயங்கின.

எல்லாம் பொற்காலம் என்று சொல்வதற்கில்லை. பல மன்றங்களில் பணம் போதவில்லை. சிலவற்றில் நிர்வாகக் கோளாறும் ஊழல் குற்றச்சாட்டும் எழுந்தன. பெரிய நகரங்கள் பலவற்றில் எதிர்க்கட்சிகளே வென்றன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும்.

1965 மார்ச் முதல் நாள் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்படுவதாக அறிவித்தார். சொல்லப்பட்ட காரணம் இந்தோனேசியாவுடனான மோதல். அமைதி திரும்பியதும் தேர்தல் நடக்கும் என்று உறுதி கூறப்பட்டது. 1966 ஆகஸ்டில் அமைதி திரும்பியது. தேர்தல் திரும்பவில்லை. தற்காலிகம் என்ற சொல்லுக்கு அறுபது ஆண்டு ஆயுள் கிடைத்தது.

ஆதி நாகப்பன் அறிக்கை

அதே 1965ஆம் ஆண்டில் மேற்கு மலேசிய ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவராக நியமிக்கப்பட்டவர் மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன். அவர் ம.இ.கா.வின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி ஆதி நாகப்பனின் கணவர் என்று சொன்னால் மூத்த தலைமுறைக்கு உடனே புரியும்.

ஆளுங்கட்சிக்காரர் தலைமையிலான ஆணையம் அரசு விரும்பியதைத்தானே எழுதித் தரும் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. முந்நூற்றுக்கும் மேற்பட்ட மன்றங்களின் நிலையை ஆராய்ந்து, சாட்சியங்களைக் கேட்டு, 1968 டிசம்பரில் ஆணையம் அறிக்கையைச் சமர்ப்பித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களில் குறைகள் உண்டு என்று அது ஒப்புக்கொண்டது. ஆனாலும் நியமன மன்றத்தோடு ஒப்பிட்டால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் நன்மைகளே மிகுதி என்று முடிவு கூறியது. மாநிலத் தலைநகரங்கள் ஒவ்வொன்றும் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளைக் கொண்ட மன்றத்தால் ஆளப்பட வேண்டும் என்றது. வரி கட்டுபவருக்குப் பிரதிநிதியும் வேண்டும் என்ற எளிய நியாயம்தான் அதன் அடிப்படை.

இந்த அறிக்கையைக் கூடிப் படிப்பதில் ஒரு தனிப் பயன் உண்டு. தேர்தல் வேண்டும் என்று கூச்சல் போடுவது எளிது. வேண்டாம் என்று பயமுறுத்துவதும் எளிது. குறைகளை ஒளிக்காமல் எழுதி, அதற்குப் பிறகும் வேண்டும் என்று சொல்வது எளிதல்ல. மன்றம் ஏன் தோற்கிறது? ஆள் சரியில்லையா, பணம் போதவில்லையா, மாநில அரசு குறுக்கிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை இந்த வாசிப்பு கற்றுத் தரும். இன்று அரசியல் பேசும் பலரிடம் இல்லாத பழக்கம் அது.

அறிக்கை மக்கள் கைக்கு வர மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. இடையில் 1969 மே 13 வந்து போயிற்று. நாட்டின் மனநிலையே மாறிவிட்டது. அறிக்கையை ஆராய்ந்த பிரதமர் துறையின் நிர்வாக மேம்பாட்டுப் பிரிவு, ஊராட்சி அளவில் மக்களாட்சி அளவுக்கு மீறிப் போய்விட்டது என்ற பொருள்படக் கருத்துரைத்தது. மக்களாட்சி மிகையாகிவிட்டது என்று குறைப்பட்ட ஆவணங்கள் உலகில் அதிகம் இருக்காது! 1973இல் இடைக்காலச் சட்டமும் 1976இல் இன்று நடப்பில் உள்ள ஊராட்சிச் சட்டமும் வந்தன.

ஒரு பக்கச் சட்டம்

1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது 171ஆம் சட்டம், கடைகளில் மலிவு விலையில் கிடைக்கும் மெல்லிய புத்தகம். அதில் இரண்டு பிரிவுகளைப் படித்தாலே ஒரு மாலைப்பொழுது போதாது. ஒன்று 10ஆம் பிரிவு. மன்றத்தில் மேயர் அல்லது தலைவரோடு 8 முதல் 24 உறுப்பினர் வரை இருக்கலாம் என்றும், அவர்களை மாநில அரசு நியமிக்கும் என்றும், ஒரு தவணை மூன்று ஆண்டுக்கு மேற்படக் கூடாது என்றும் அது கூறுகிறது. உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் அந்த ஊரில் வழக்கமாகக் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். ஊராட்சி விவகாரங்களில் பரந்த அனுபவம் உள்ளவர்கள், தொழிலிலோ வாணிகத்திலோ சிறந்து விளங்கியவர்கள், அல்லது தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்கும் திறன் உள்ளவர்கள் என மாநில அரசு கருதுவோராக இருக்க வேண்டும். 'மாநில அரசு கருதுவோர்' என்ற இடத்தில் வாசிப்புக் குழு கொஞ்சம் நிறுத்திக்கொள்ளலாம். ஊர் மக்கள் கருதுவது என்ன என்று எங்கேயும் கேட்கப்படவில்லை.

அடுத்தது 15ஆம் பிரிவு. வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும் ஊராட்சித் தேர்தல் தொடர்பான விதிகள் அனைத்தும் செயலற்றுப் போகும் என்று அது கூறுகிறது.

பெட்டாலிங் ஜெயாவில் இது எப்படி நடக்கிறது? 1950களின் தொடக்கத்தில் கோலாலம்பூரின் நெரிசலைக் குறைப்பதற்காக ஏறத்தாழ 1,200 ஏக்கர் எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டத்தில் எழுந்த ஊர் இது. 1977இல் நகராண்மைக் கழகமாகவும் 2006 ஜூன் 20ஆம் நாள் மாநகராகவும் உயர்ந்தது. 97 சதுர கிலோமீட்டர் பரப்பில் 24 வட்டாரங்கள், 24 உறுப்பினர்கள். இருக்கைகள் ஆளும் கட்சிகளிடையே பங்கிடப்படுகின்றன. 2008இல் சிலாங்கூரில் ஆட்சி மாறியபோது பொது இயக்கங்களைச் சேர்ந்தவர்களுக்கும் சில இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவர்களில் நன்றாக உழைத்தவர்கள் உண்டு. கட்சி உறுப்பினர்களிலும் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியை எடுத்துப் பேசும் நல்லவர்கள் உண்டு. பிரச்சினை அவர்கள் நல்லவர்களா என்பதல்ல. நல்லவராக இல்லாவிட்டால் ஊர் என்ன செய்ய முடியும் என்பதே. அடுத்த தவணைக்கு அவரை வைத்துக்கொள்வதும் நீக்குவதும் ஷா ஆலமில் முடிவாகிறது.

மாநிலமே தேர்தல் நடத்தினால் என்ன? பினாங்கு அதையும் முயன்று பார்த்தது. ஊராட்சி என்பது அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள், ஊராட்சித் தேர்தலும் அதில் அடக்கம் என்ற வாதத்தோடு 2012இல் ஒரு சட்டம் இயற்றியது. பினாங்கு அரசும் அலிரான் இயக்கத்தின் முன்னாள் தலைவர் ப. இராமகிருஷ்ணனும் கூட்டரசு நீதிமன்றம் சென்றனர். 2014 ஆகஸ்டு 14ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கூட்டரசுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு நிற்கும்வரை மாநிலம் தனியே தேர்தல் நடத்த இயலாது என்பது அதன் சாரம். ஆக, சாவி நாடாளுமன்றத்தில் இருக்கிறது. மாநில அரசைக் குறை சொல்பவர்களுக்கு இந்த விவரம் தெரிந்திருந்தால் பாதிச் சண்டை குறையும்.

மறுபக்கமும் படிக்க வேண்டும்

தேர்தல் கூடாது என்போரின் வாதம் ஒன்றும் இரகசியமல்ல. நகரங்களில் ஓர் இனமும் கிராமங்களில் மற்றோர் இனமும் மிகுந்திருக்கும் நாட்டில் ஊராட்சித் தேர்தல் இனப் பிளவை ஆழமாக்கும் என்கிறார்கள். 2018 டிசம்பரில் பிரதமராக இருந்த டாக்டர் மகாதீர் இதே காரணத்தைக் கூறித்தான் மறுத்தார். 2025இல் கோலாலம்பூருக்கு மேயரைத் தேர்ந்தெடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோதும் இதே அச்சம் முன்வைக்கப்பட்டது. இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது. மே 13ஐ நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் 1970இல் நாட்டு மக்களில் நான்கில் ஒரு பங்கினரை ஒட்டித்தான் நகரவாசிகள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்கினர் நகரவாசிகள். நகரம் என்றால் சீனர் ஊர் என்ற கணக்கு பழைய கணக்கு. கிளானா ஜெயாவிலும் தாமான் மேடானிலும் மாலை நேரத்தில் ஒரு சுற்று வந்தாலே இது தெரியும்.

தமிழர்கள் தமக்குள்ளேயே பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி வேறு. நியமன முறையில் ஒவ்வொரு மன்றத்திலும் சில இந்திய முகங்கள் உறுதியாக இருக்கின்றன. கட்சிப் பங்கீடு அதைக் கவனித்துக்கொள்கிறது. தேர்தல் வந்து, வட்டாரத்திற்கு ஒருவர் என்று வென்றால், எந்த வட்டாரத்திலும் பெரும்பான்மையாக இல்லாத சமூகத்தின் கதி என்ன? இரண்டு இடம் இருந்தது பூஜ்யம் ஆகிவிடாதா? இந்த அச்சம் நியாயமானது. அதற்கு டி.எஸ். இராமநாதன் ஒரு பதில். ஆனால் ஒரே பதில் அல்ல. கட்சி பெறும் வாக்கு விகிதத்திற்கேற்ப இடங்களைப் பகிரும் முறையும் உலகில் பல ஊர்களில் உண்டு. எந்த முறை வேண்டும் என்று கேட்பதற்கு முறைகள் தெரிந்திருக்க வேண்டும். இதுவரை இந்தப் பேச்சு சமூகத்தில் நடந்ததாகவே தெரியவில்லை. கேட்க வேண்டியவர்கள் பொங்கல் உதவிப் பொருள் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள்.

பூங்காவும் நீள்வீடும்

சட்டப் பிரிவுகள் வறண்டவை. உயிருள்ள ஒரு வழக்கைச் சேர்த்துப் படித்தால் குழு தூங்காது. ஆதி நாகப்பன் சாலை இருக்கும் அதே தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் தாமான் ரிம்பா கியாரா என்ற பூங்கா இருக்கிறது. அங்கே அடுக்குமாடிக் கோபுரங்கள் கட்ட 2017இல் கோலாலம்பூர் மாநகர் மன்றம் அனுமதி வழங்கியது. சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2018இல் உயர்நீதிமன்றத்தில் தோற்றனர். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றனர். 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அவர்களின் வெற்றியை உறுதி செய்தது. தீர்ப்பை வழங்கியவர் நீதிபதி நளினி பத்மநாதன். குடியிருப்பாளர்களுக்கு வழக்காடும் உரிமை உண்டு, எதிர்ப்பு தெரிவித்தவர்களுக்கு முடிவின் காரணத்தைச் சொல்லும் கடமை மன்றத்திற்கு உண்டு என்பவை அதில் வந்த முக்கியமான கருத்துகள்.

இதோடு கதை முடிந்தால் எல்லோரும் கைதட்டலாம். அந்தப் பூங்காவை ஒட்டி ஒரு நீள்வீட்டுக் குடியிருப்பும் இருந்தது. புக்கிட் கியாரா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் அங்கே வாழ்ந்தார்கள். தோட்டம் கையகப்படுத்தப்பட்டு 1980களின் தொடக்கத்தில் தற்காலிகம் என்று சொல்லி அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள். நிரந்தர வீடு தருவதாக வாக்களிக்கப்பட்டு நாற்பது ஆண்டுகள் காத்திருந்தவர்கள். பூங்காவில் எழவிருந்த திட்டத்தில் அவர்களுக்கான ஒரு கட்டடமும் அடங்கும். ஆகவே அக்குடும்பங்களில் பலர் திட்டம் நடக்க வேண்டும் என்றே விரும்பினார்கள்.

இப்போது குழுவில் விவாதம் சூடு பிடிக்கும். பூங்காவைக் காத்தவர்கள் தவறு செய்தார்களா? இல்லை, ஊருக்குச் சொந்தமான பசுமை நிலத்தை அவர்கள் காத்தார்கள். வீடு கேட்டவர்கள் தவறு செய்தார்களா? அதுவும் இல்லை. கொடுத்த வாக்கைக் கேட்டார்கள், அவ்வளவுதான். பூங்காவை விற்றால்தான் ஏழைக்கு வீடு என்ற நிலையை உருவாக்கி, இரண்டு தரப்பையும் மோதவிட்டது யார்? அந்த முடிவை எடுத்தவர்களில் ஒருவர்கூடத் தேர்தலில் நின்று இந்த இரு தரப்பின் வாக்கையும் கேட்க வேண்டிய நிலையில் இல்லை. நின்றிருந்தால் 1982இலேயே நீள்வீட்டுக்காரர்களின் ஓட்டுக்கும் ஒரு மதிப்பு இருந்திருக்கும். தற்காலிகம் என்ற சொல் இங்கேயும் நாற்பது ஆண்டு நீண்டது தற்செயலாக இருக்கலாம்.

படிக்க முடியாத நூல்

கூடிப் படிக்கும் குழுவுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. எல்லா நூலையும் படிக்க முடிகிறதா? 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவின் ஓரத்தில், கம்போங் மேடான் வட்டாரத்தில் இனமோதல் நடந்தது. ஆறு பேர் இறந்தார்கள். அதைப் பற்றி வழக்கறிஞர் கா. ஆறுமுகம் தமிழில் எழுதிய 'மார்ச் 8' என்ற நூல், அச்சக மற்றும் வெளியீட்டுச் சட்டத்தின் கீழ்த் தடை செய்யப்பட்டது. ஆசிரியர் நீதிமன்றம் சென்றும் தடை நீங்கவில்லை. 2020இல் பெட்டாலிங் ஜெயாவின் கெராக்புடாயா வெளியிட்ட அரசியல் கட்டுரைத் தொகுப்பு ஒன்று அதன் அட்டைப் படத்திற்காகத் தடைக்குள்ளானது. 1984ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் உள்துறை அமைச்சருக்கு இந்த அதிகாரத்தைத் தருகிறது. தம் ஊரில் நடந்ததைத் தம் மொழியில் படிக்க முடியாத மக்கள் அடுத்த முறை அப்படி ஒன்று நடக்கும்போது வதந்தியைத்தான் படிப்பார்கள்.

தமிழர் மேடைகளில் மக்களாட்சி என்றதும் உத்திரமேரூர் வந்துவிடும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921இல், குடவோலை முறையைக் கல்லில் வெட்டிவைத்த ஊர். முப்பது குடும்புகள், ஓலையில் பெயர், குடத்தில் போட்டுச் சிறுவனைக் கொண்டு எடுப்பது என்று விரிவாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குவார்கள். நிலமும் சொந்த வீடும் வேத அறிவும் உள்ள ஆண்களுக்கே அந்த உரிமை இருந்தது என்பதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தக் கல்வெட்டில் இன்றைக்கும் பொருந்தும் வரி ஒன்று உண்டு. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வர முடியாது. தமிழகமும் இதை மறந்த காலம் உண்டு. 1688இல் தோன்றிய சென்னை மாநகராட்சிக்கு 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. 1992இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்று கட்டாயமாக்கின. அதன் பிறகும் 2016இல் நடக்க வேண்டிய நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. சட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது, கேட்க ஆள் வேண்டும்.

எப்படித் தொடங்குவது

பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் கூட்டமாகிவிடும், மாலையும் பொன்னாடையும் தேவைப்படும். ஆதி நாகப்பன் அறிக்கை ஆங்கிலத்தில் உள்ளது. சட்டம் மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ளது. ஆகவே மலாய் நன்றாகப் படிக்கும் இளையவர் ஒருவரும், ஆங்கிலம் அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், இரண்டும் தெரியாவிட்டாலும் ஊரின் பழைய கதை தெரிந்த பாட்டி ஒருவரும் இருந்தால் குழு பலமாக இருக்கும். ஒருவர் பத்தியைப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத இடத்தில் அவருக்கே புரியவில்லை என்று பொருள். அங்கேதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

படிப்பதோடு சில வேலைகளும் ஒட்டி வரும். சிலாங்கூரில் 2011ஆம் ஆண்டு தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. மாநகர் மன்றத்திடம் விண்ணப்பித்துத் தகவல் கேட்கலாம். 171ஆம் சட்டத்தின் 142ஆம் பிரிவின்படி வீட்டு வரி மதிப்பீட்டுக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 172ஆம் சட்டமான 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ், வட்டாரத் திட்ட நகலைப் பார்வையிடவும் எதிர்க்கவும் பொதுமக்களுக்கு உரிமை உண்டு. நகல் காட்சிக்கு வைக்கப்படும் நாள்களில் மண்டபம் பெரும்பாலும் காலியாகக் கிடப்பதும், கட்டடம் எழுந்த பிறகு பதாகை பிடிப்பதும் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் காணும் காட்சி.

இன்னொன்று, 23ஆம் பிரிவு. மன்றத்தின் முழுக் கூட்டங்கள், மன்றமே வேறு முடிவு செய்தால் ஒழிய, பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தவை. குழுக் கூட்டங்களுக்கு மட்டும் அது பொருந்தாது. பெட்டாலிங் ஜெயா வாசிப்புக் குழு முதல் மாதம் 10, 15, 23 ஆகிய மூன்று பிரிவுகளைப் படிக்கலாம். மூன்றையும் சேர்த்து உரக்கப் படித்து முடிக்கத் தேநீர் ஆறும் நேரம் போதும். இரண்டாம் மாதச் சந்திப்பை ஜாலான் யோங் சூக் லின்னில் உள்ள மன்றத் தலைமையகத்தில் முழுக் கூட்டம் நடக்கும் நாளில் வைத்துக்கொள்ளலாம். போகும்போது தத்தம் வட்டார உறுப்பினரின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோக வேண்டும். பத்துப் பேரில் எத்தனை தாள் வெறுமையாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே நுழையலாம்.